ஆக்கியோர் பெயர் அறியாப் பாடல்

நாட்டார் பாடல்களைப் பற்றி நம்மிடையே வெளிவந்த நூல்களின் முன்னுரைகளைப் படிப்போர் ஒரு கருத்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்க நேரிடும். இப்பாடல்களை யாத்தோர் இன்னாரென்று அறிதற்கில்லை. இவை தனியொருவரின் ஆக்கமல்ல, சமுதாயம் முழுவதினதும் படைப்பு. ஆகவே மக்களின் பொதுச்சொத்து என்பதே அக்கருத்து. ஏட்டிலேறாது வாய்வழி வந்த பாடல்களுக்கு இது பொருந்துவதாகவே முதல் நோக்கிற் படும். முற்போக்காளராகிய நாமும் இதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டுள்ளோம். உழைக்கும் மக்களே கலையின் பிறப்பிடம் என்னும் நமது கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

இக்கருத்து வந்த வழியைச் சற்று நோக்குதல் நன்று. பல நாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி 1778-79 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஜேர்மானிய அறிஞர் ஹேர்டர், ஓர் இனத்தின் ஆன்மா அதன் பாடல்களிலே குரல் கொடுக்கிறது என்ற எண்ணத்துக்கு வித்திட்டார். 1934 இல் மொஸ்கோவில் கூடிய சோவியத் எழுத்தாளரின் முதலாவது மாநாட்டில், உழைக்கும் மக்களின் வாய்மொழிப் படைப்பே சொற்கலையின் தொடக்கம் என்று மாக்சிம் கார்க்கி வற்புறுத்தினார். ஒருவர் தேசியத்தின் வாயிலாகவும் மற்றவர் வர்க்கத்தின் வாயிலாகவும் ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்தனர். அச்சொல் ‘மக்கள்’ என்பது. இருவருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். எனினும், ‘மக்கள் பாடினர்’ என்று கூறி முடித்துவிடும்போது, எந்த மனிதர், எந்தப் பெண், எவ்விடத்தில், யாருக்குக் கூலிவேலை செய்துகொண்டு பாடினார் என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. கேளாது விட்டதற்கும் ‘தெரியாது’ என்றே எழுதி வருகிறோம்.

இவ்வாறு கேளாது விடுவதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதைக் காசுக் கணக்கிலேயே காட்டக்கூடிய பாடல் ஒன்று உண்டு. தென்னாபிரிக்காவிலே பிறந்து, பழைய ஆபிரிக்க நாட்டார் பாடல் என்ற பெயருடன் உலகெங்கும் உலாவிய ‘ம்புபே’ என்பதே அது. சூலு மொழியில் அச்சொல் சிங்கத்தைக் குறிக்கும். டிஸ்னி நிறுவனத்தார் 1994 இல் வெளியிட்ட சிங்க அரசன் கதைப் படத்தைப் பார்த்த நம் மாணவர்கள் பலர் அப்பாடலின் மெட்டை அறிவர். அது யாருடைய மெட்டு என்பதை அறிந்தவர் சிலரே.

அதைக் கட்டியவர் சொலொமன் லிண்டா. 1909 இல் நேட்டாலின் ம்சிங்காப் பகுதியிற் பிறந்து, மாடு மேய்த்து, மிசன் பாடசாலையொன்றிற் சிறிது படித்தவர். அவர் நான்கு வயதுச் சிறுவனாயிருந்தபோது, 1913 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் நிறைவேறியது. நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நிலமே அதனால் எஞ்சியது. குடிசைக்கு வரி, ஆளுக்கு வரி. அவ்வரியைத் தானியமாகவன்றிக் காசாகவே கட்டவேண்டும். காசு வேண்டுமாயின் சுரங்கத்துக்கோ நகரத்துக்கோ போகவேண்டும். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் திரட்டப்பட்ட வரலாற்றைப் படித்தோர்க்கு இப்பொறி புதிதாகத் தோன்றாது. லிண்டாவும் 1931 இல் ஜொகன்னஸ்பேர்க் நகரஞ் சேர்ந்தார்.

அந்நகரத்திலே, பெண்டு பிள்ளைகளைக் கிராமத்தில் விட்டுவந்த ஆண்கள் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்தனர். சனி இரவுகளில் அவர்கள் கோட்டும் தொப்பியும் அணிந்து, குழுக் குழுவாகப் போட்டியிட்டுப் பாடினர். ஆரவாரமின்றி அடியெடுத்து வைத்து ஆடும் இக்கலைக்குப் பின்னர் வழங்கிய பெயர் ‘இசிக்கத்தமியா’; பதுங்கி நடத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. இதிற் கிராமத்துக் கூட்டுப்பாட்டும் இருந்தது. மிசன் கோவில்களின் கீதங்களும் இருந்தன. 1890 முதற் தென்னாபிரிக்காவிலே சுற்றித் திரிந்து பாடிய ஓர்பியஸ் மக்கடூ குழுவினரான அமெரிக்கக் கறுப்பினப் பாடகரிடம் கேட்டுப் பெற்றவையும் இருந்தன. லிண்டாவின் குழுவுக்கு ‘ஈவ்னிங் பேர்ட்ஸ்’ என்று பெயர். கீழ்க்குரலுக்குப் பலரை நிறுத்தி, அவர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப முழக்க, அதன் மேலே தாம் ஒருவரே பெண்குரல் போன்ற உச்சக் குரலிற் கட்டுப்பாடின்றித் திரிந்து பாடுவது லிண்டா வகுத்துக்கொண்ட முறை.

1939 இல் கலோ இசைத்தட்டுக் கொம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இக்குழு ‘ம்புபே’யைப் பாடியது. மூன்று முறை பாடினர். மூன்றாம் முறையில், பாடல் முடியுந் தறுவாயில், லிண்டா அதுவரை பாடாத ஒரு சிறு மெட்டைத் திடீரென எடுத்துவிட்டார். பதினைந்து சுரங்கள் வரையே இருக்கும். பின்னாளில் உலகம் அறிந்த மெட்டு அதுவே. அவ்விசைத்தட்டு 1948 அளவில் ஏறத்தாழ 100,000 பிரதிகள் விற்றது. அவ்விசையின் வகைக்கே ‘ம்புபே’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆக்கியவருக்குக் கிடைத்தது பத்துச் சிலிங்கும், அதே கொம்பனியின் களஞ்சியத்தில் இசைத்தட்டுகளைப் பொதிசெய்யும் வேலையுமாம்.

இனி இப்பாடல் கடல்கடந்த கதை. நாட்டார் பாடற் சேகரிப்பில் தலைசிறந்தவரெனப் போற்றப்படும் அலன் லோமாக்ஸ் கைக்கு அவ்விசைத்தட்டு எப்படியோ வந்து சேர்ந்தது. அவர் அதைப் பீற் சீகரிடம் கொடுத்தார். சீகர் நம்மவர், தொழிற்சங்க மேடைகளிற் பாடியவர், 1955 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின் முன்னே தம் தொடர்புகளைக் குறித்து வாய்திறக்க மறுத்து, அதற்காகத் தண்டனை விதிக்கப்பெற்றவர். அத்தண்டனை 1962 இல் நீக்கப்பட்டது. அத்தகையவர் இத்தட்டைக் கேட்டு வியந்து, ஒவ்வொரு குரலாக எழுதி, ‘நீ சிங்கம்’ எனப் பொருள்படும் சூலுச் சொல்லைத் தம் காதில் விழுந்தபடி ‘விமோவே’ என்று குறித்துக்கொண்டார். அவருடைய ‘வீவர்ஸ்’ குழு பாடிய தட்டு 1952 இல் அமெரிக்காவெங்கும் ஒலித்தது. மேடையில் அவர் அதற்கு ஒரு விளக்கமுங் கூறுவார்: சூலு மன்னன் ஷாக்கா இறக்கவில்லை, உறங்குகிறான், ஒருநாள் எழுவான் என்ற ஐதிகத்தைப் பாடுவது இது என்பார். அடிமைப்பட்ட இனமொன்றின் எழுச்சிப் பாட்டாக அவர் அதனை விரும்பினார். விரும்பியதையே கேட்டார்.

இசைத்தட்டிலே பாடலின் ஆசிரியராக அச்சிடப்பட்ட பெயர் ‘போல் கம்பெல்’. அப்படி ஒருவர் உலகில் இருந்ததேயில்லை. உரிமையாளர் அற்றவையெனக் கருதப்பட்ட பழம்பாடல்களுக்கு உரிமை கோருவதற்காக வீவர்ஸ் குழுவினரும் அவர்தம் வெளியீட்டாளரும் புனைந்துகொண்ட பெயர் அது. இதன் பொறிமுறை எளிது. பாடலொன்று மரபுவழி வந்ததாயின் அதற்கு உரிமைப்பணம் கேட்க எவருமில்லை. ஆனால் அதைத் திருத்தியமைத்தவர் தம் திருத்தத்துக்கு உரிமை பதியலாம். பதிந்தபின் அப்பாடலால் வரும் பணம் அவர்தம் வழியே செல்லும். இரத்தமுஞ் சதையுமாய் ஜொகன்னஸ்பேர்க்கில் வாழ்ந்து பொதிகட்டிக் கொண்டிருந்தவர் ‘பெயர் தெரியாதவர்’ ஆனார். இல்லாத ஒருவர் பெயர் பெற்றார். சீகர் விடயத்தை அறிந்தபின் லிண்டாவுக்கு 1,000 டொலர் அனுப்பினார் என்பதையும், தக்க ஒப்பந்தத்தை உறுதிசெய்யாது விட்டதற்காகப் பிற்காலத்தில் வருந்தினார் என்பதையும் மறைத்தல் முறையன்று. அவருடைய நேர்மையில் ஐயமில்லை. ஆயின் நேர்மையான ஒருவர் கையாலேயே இது நடந்ததென்பதுதான் நாம் கருதவேண்டியது. ‘மக்கள் பாடல்’ என்ற நம் இனிய சொல், வெளியீட்டாளரின் கணக்கேட்டிலே ‘பணங் கொடுக்க வேண்டாத பாடல்’ என்று மொழிபெயர்க்கப்பட்டது.

1961 இல் ஜோர்ஜ் டேவிட் வைஸ் என்னும் பாடலாசிரியர், மேலே சொன்ன சிறு மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களை இட்டார். சிங்கம் காட்டிலே உறங்குவதாக அமைந்த அப்பாடலை ‘டோக்கன்ஸ்’ குழு பாடி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு, 1962 ஒக்ரோபரில், லிண்டா சிறுநீரக நோயால் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் வைக்கவும் மனைவியிடம் பணமில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே கல் நாட்டப்பட்டது.

பணத்தோடு போனது வேறொன்றும் உண்டு. விமர்சகர் அதைக் காணத் தவறுகின்றனர். ‘பழைய’ என்றும் ‘காட்டு’ என்றும் சொன்ன அளவிலே, லிண்டா ஒரு கூலித் தொழிலாளி என்பது மறைந்துவிட்டது. மின்சார ஒலிவாங்கியின் முன்னே, கோடிட்ட உடையணிந்து நின்று, மூன்று கண்டங்களின் இசையை ஒன்றாகப் பிணைத்த நகரத்துக் கலைஞர் அவர். அவருடைய பாடல் அப்போது முற்றிலும் புதியது. அதைத் தொன்மையானது என்று கொண்டாடியோர் அவருக்குப் பெருமை சேர்த்ததாக எண்ணினர். உண்மையில் அவரை அவருடைய நூற்றாண்டிலிருந்தே வெளியேற்றினர். நம் நாட்டார் பாடல் ஆராய்ச்சியிலும் இந்நோய் உண்டு. பாடலிலே பஸ்சோ, கூப்பனோ, சங்கமோ வந்துவிட்டால் அது ‘கலப்புற்றது’ என்று ஒதுக்கி, ஏரும் காளையும் வருவதை மட்டும் தூயதெனப் பொறுக்கியெடுப்போரைக் கண்டிருக்கிறோம்.

லிண்டாவின் குடும்பத்துக்கு வருவோம். அவர் பாடலை வெளியுலகம் ‘மரபு’ என்று அழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலெல்லாம், சொவெற்றோவிலிருந்த அவர் வீட்டில் அது மரபாக இருந்ததில்லை. அது அப்பாவின் பாட்டாகவே இருந்தது. அவருடன் நின்று பாடியவர்களும் அவ்வாறே அறிந்திருந்தனர். தென்னாபிரிக்க எழுத்தாளர் றியன் மலான் 2000 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியபோது, அவருக்குச் சான்றாய் நின்றவற்றுள் இந்நினைவுகளும் அடங்கும். டிஸ்னி படத்தில் இடம்பெற்றதன் வாயிலாக மட்டும் அப்பாடல் 15,000,000 டொலர் ஈட்டியிருக்கலாமென்று அவர் மதிப்பிட்டார். 2004 இல் குடும்பத்தின் சார்பில் டிஸ்னி நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. தென்னாபிரிக்காவிலிருந்த அந்நிறுவனத்தின் வணிகக் குறிகளும் வழக்கிற் பிணைக்கப்பட்டன. 2006 பெப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டு, லிண்டா அப்பாடலின் இணையாசிரியர் என ஒப்புக்கொள்ளப்பட்டார். அவர் மக்களுக்கும் பங்கு வகுக்கப்பட்டது.

வழக்குக்கு ஆதாரமாயிருந்த சட்டம் வியப்புக்குரியது. 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியன் தன் உரிமையை விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டுகளின் பின் அது அவன் வாரிசுகளிடம் திரும்பும். ஏகாதிபத்தியத்தின் சட்டப்புத்தகத்தில் மறந்துபோய்க் கிடந்த ஒரு விதி, அவ்வேகாதிபத்தியம் நிலமற்றவனாக்கிய ஒருவனின் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. அதே சட்டம் இலங்கையிலும் 1979 வரை நடைமுறையிலிருந்தது. ஆனால் அது கைகொடுப்பதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். லிண்டாவின் பெயர் இசைத்தட்டில் இருந்தது. பெயர் பொறிக்கப்படாத பாடகிக்கு எந்தச் சட்டமும் உதவாது.

பதிப்புரிமை என்பதே முதலாளித்துவச் சொத்துறவின் ஒரு வடிவமாயிருக்க, அதனை நாட்டார் பாடலுக்குள்ளும் கொண்டுவந்து தனிமனித வாதத்துக்கு வழிதிறப்பதா என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ‘ம்புபே’யும் வெறும் வெளியிலே தோன்றியதன்று, லிண்டாவின் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாடிய ஒரு கலியாணப் பாட்டின் மெட்டு அதற்கு அடிப்படை என்று இசை ஆய்வாளர் வைற் ஏர்ல்மான் எழுதியுள்ளார். அவ்வாறாயின் லிண்டாவும் கடன்பட்டவரே. அப்பிள்ளைகளின் பெயர்களையும் எவரும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தோன்றுவது இது: கூட்டுப்படைப்பு என்பது பெயரற்ற படைப்பாகிவிடாது. பலர் சேர்ந்து செய்ததென்றால் பல பெயர்கள் இருந்தன என்பதே பொருள். அன்றியும், முதலாளித்துவச் சமுதாயத்தில் ‘யாருக்குமில்லாதது’ நெடுநாள் யாருக்குமில்லாததாக இருப்பதில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் நமக்குத் தெரிந்ததே. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அனுமானித்து, கோப்பித் தோட்டக்காரர் வாங்குவதற்கு வழிசெய்தது அது. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தமைக்கும் விறகு பொறுக்கியமைக்கும் உறுதி ஏது? பாட்டுக்கும் உறுதி இல்லை.

உறுதி இல்லையேயன்றி, உரித்தாளர் நினைவு இல்லாமற் போகவில்லை. அது வீட்டுக்குள் இருக்கிறது. எங்கள் குடும்பம் மட்டக்களப்புப் பக்கத்தது. அம்மம்மா பாடிய தாலாட்டில், மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசைகளைக் கூறும் வழக்கமான அடிகளின் நடுவே, தென்னைகள் எல்லாம் ஒரே திசையிற் படுத்துக் கிடப்பதைச் சொல்லும் இரண்டடிகள் வரும். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றியவை அவை. அந்த இரண்டையும் கட்டியவர் அம்மம்மாவின் தங்கை என்பதில் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. அவரைச் சின்னம்மம்மா என்போம். வேறோர் அடியைப் பற்றி வழக்குண்டு. அது தாம் மாற்றியது என்று அம்மா சொல்லுவார். மாற்றிக் கெடுத்தது என்று பெரியம்மா சொல்லுவார். கலியாண வீடுகளில் இவ்வழக்கு இன்றும் விசாரணைக்கு வருவதுண்டு. பாட்டு ஒன்றே, அதில் எந்த அடி யார் வாயிலிருந்து வந்தது, எந்த இழுப்பு எந்த ஊர் மருமகள் கொண்டுவந்தது என்பன அடிக்கு அடி சொல்லப்படும். இத்தாலாட்டை ஒரு சேகரிப்பாளர் எழுதிக்கொண்டு படலை தாண்டியதும் அது ‘மட்டக்களப்புத் தாலாட்டு, ஆசிரியர் தெரியாது’ ஆகிவிடும். சூறாவளி அடிகள் பிற்சேர்க்கையெனக் கழிக்கப்படவுங் கூடும். எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விசேடம் இது எனக் கருத நியாயமில்லை. வகுப்பில் மாணவர் பாடல் சேகரித்துவரும் பயிற்சிக்கு ‘ஆக்கியோர்’ என்ற இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதி வருகின்றனர். வீட்டிற் போய்க் கேட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால், சிலராவது ஒரு பெரியம்மாவின் பெயரோடோ மாமியின் பெயரோடோ வருகின்றனர்.

நம் முன்னோரிடமே இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோருக்குப் புலவர் பெயர் கிடைக்காதவிடத்து, அப்புலவரின் சிறந்த தொடரையே அவருக்குப் பெயராக்கினர். செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று நாம் இன்று படிப்பன அவ்வாறு வந்த பெயர்களே. பெயர் தொலைந்தவருக்கும் ஓர் ‘ஆர்’ விகுதியைக் கொடுத்து மதித்தனர்.

இக்காலத்தவருள் நா. வானமாமலை 1964 இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ இவ்வகையிற் பாராட்டத்தக்கது. பாடலின் கீழே இடத்தையும் சேகரித்தவர் பெயரையும் அவர் குறித்தார்; எஸ். எஸ். போத்தையா, கு. சின்னப்ப பாரதி முதலிய தோழர்களின் உழைப்பு அதனால் மறக்கப்படாது நின்றது. பலவிடங்களிற் பாடலைச் சொன்னவரின் பெயரும் தரப்பட்டுள்ளது. ஆனால் அப்பெயர் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது? ‘உதவியவர்’ என்ற தலைப்பின் கீழ். பாடலை வைத்திருந்தவர் உதவியவர், எழுதியெடுத்தவர் சேகரித்தவர். பேராசிரியரின் நோக்கத்தைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அவர் காலத்தில் அதுவே பெரும் முன்னேற்றம். எனினும், எழுத்தறிந்தவனின் செயலை வினையாகவும் பாடியவளின் செயலை உதவியாகவும் கொள்ளும் பழக்கம் முற்போக்காளரிடத்தும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு அவ்வொரு சொல் போதும்.

இலங்கைச் சட்டமும் இதே பழக்கத்தையே பின்பற்றுகிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியிடமும், பெறும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்கும் என வகுத்துள்ளது. வியாபாரியிடமிருந்து பாடலைக் காக்க இது உதவலாம். பாடுகின்ற பெண்ணை அது காணவேயில்லை. கிழக்கிலே கவி பாடும் முஸ்லிம் பெண்களாயினும், கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்களாயினும், அவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘சமூகம்’, அவ்வளவே.

ஆகவே, கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்படும் ஆசிரியரும் மாணவரும் பாடலின் கீழே ‘உதவியவர்’ என்பதை நீக்கிப் ‘பாடியவர்’ என்று எழுதட்டும். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிக்கு இடம் விடட்டும்: இதை யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த அடியைத் தாம் மாற்றினார் அல்லது சேர்த்தார், எந்த வேலையின்போது, எந்த ஆண்டுகளிற் பாடினார். முதற் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். இரண்டாவதற்கு முதலில் ஒரு சிரிப்பும், ‘அதெல்லாம் நான் ஒண்டும் கட்டேல்லை மகன்’ என்ற மறுப்புமே வரும். அவ்விடத்திற் கருவியை நிறுத்திவிடாமல் இருந்தால், பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் மற்றவர் பெயர் சொல்லத் தொடங்குவார்.